கை போகக் கூடாத கதவு

டோக்கியோவில் டாக்சி வந்து நின்றதும் நம் கை தானாகக் கதவுப் பிடிக்குப் போகும். அதற்குள் கதவே நகர்ந்து வழிவிடும். நீட்டிய கை அந்தரத்தில் நிற்கும். இறங்கும்போது இன்னும் மோசம். சாத்திவிட்டுப் போவதுதானே மரியாதை என்று திரும்பி இழுத்தால், ஓட்டுநர் பதறிப்போய்க் கையை ஆட்டுவார். திட்ட மாட்டார். அதுதான் சுருக்கென்று இருக்கும்.

பெட்டிக்குச் சக்கரம் வைத்தது போன்ற இந்தக் கருநீல வண்டி, டொயோட்டா 2017 அக்டோபரில் இறக்கிய 'ஜப்பான் டாக்ஸி'. உயரமான கூரை, குட்டை மூக்கு, பானட் மேல் கொம்பு மாதிரி இரண்டு கண்ணாடிகள். எல்பிஜியில் ஓடும் 1.5 லிட்டர் ஹைபிரிட். கிளம்புவதே காதில் விழாது. அம்பாசடர் டாக்சியின் உறுமலுக்குப் பழகியவர்களுக்கு, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையோ என்று தோன்றும்.

கதவுக்கு வருவோம். இதற்கு முந்தைய கிரவுன் கம்ஃபர்ட் கார்களில் ஓட்டுநர் இருக்கையோரம் ஒரு நெம்புகோல் இருக்கும். அதோடு இணைந்த கம்பிதான் இடது பின்கதவைத் தள்ளும், இழுக்கும். வெளியிலிருந்து நாம் ஓங்கி அடித்தால் அடி முழுதும் அந்த இணைப்பில் போய் விழும். ஓட்டுநர் பதறுவது அதற்குத்தான். புதியதில் மோட்டார் வைத்த சறுக்குக் கதவு. நிதானமாகத்தான் சறுக்கும், பிடித்து இழுக்காதீர்கள். தானாகத் திறப்பது நடைபாதைப் பக்கத்து இடது கதவு மட்டுமே. வலது பின்கதவு சாதாரணக் கதவு. ஏறுவதும் இறங்குவதும் இடப்பக்கம் என்று வைத்துக்கொண்டால் வம்பில்லை.

முன்கண்ணாடிக்குள் ஒளிரும் எழுத்து அடுத்த குழப்பம். பெரும்பாலும் சிவப்பில் 'கூஷா' என்றிருந்தால் காலி வண்டி, பச்சையில் 'சின்சோ' என்றிருந்தால் ஆள் இருக்கிறது. சிவப்பைக் கண்டு கையை இறக்கி, பச்சையைக் கண்டு ஓடுவது புதிதாக வந்த எல்லோரும் செய்வதுதான். 'கைசோ' என்றால் சவாரி எடுக்காது, விட்டுவிடுங்கள்.

வழி சொல்வதில் நம் வித்தை செல்லாது. பிள்ளையார் கோயிலுக்கு எதிர்த்தாற்போல், டீக்கடை தாண்டி ரெண்டாவது சந்து என்றெல்லாம் இங்கே முடியாது. பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது. வட்டாரம், தொகுதி, கட்டடம் என்று மூன்று எண்கள்தான். ஜப்பானிய எழுத்தில் முகவரியைக் காட்டினால் நேவிகேஷனில் அடித்துக்கொள்வார். பேரமும் இல்லை. 2022 நவம்பரில் தொடக்கக் கட்டணம் முதல் 1.096 கிலோமீட்டருக்கு 500 யென் ஆனது; இரவு 10 முதல் காலை 5 வரை 20 சதவீதம் கூடுதல். டிப்ஸ் நீட்டாதீர்கள். சில்லறை இல்லையே சார் என்ற அந்தப் பழைய பாட்டு இங்கே கேட்காது. பத்து யென் மீதியும் தட்டில் வந்துவிடும். கேட்காதது ஒரு குறையா என்றால், சில நாட்களில் குறைதான்.

வண்டியில் பயணிகள் நால்வர். ஆனால் 12 வயதுக்குட்பட்ட மூன்று பிள்ளைகள் இரண்டு பெரியவர்களாகக் கணக்கு. தம்பதியும் மூன்று பிள்ளைகளும் ஒரே வண்டியில் போகலாம். ஊரிலிருந்து வரும் பெற்றோருக்குச் சக்கர நாற்காலி என்றால் முன்கூட்டியே சொல்லிப் பதிவு செய்யுங்கள். முன்னிருக்கையைத் தள்ளி, பின்னிருக்கையை மடக்கி, பக்கக் கதவில் சரிவுப்பலகை போட வேண்டும். ஆரம்பத்தில் இது 63 படிகள் கொண்ட வேலை, பத்து நிமிடம் பிடித்தது. புகார் கிளம்பியபின் 2019இல் 24 படிகளாகக் குறைத்தார்கள்.

இரண்டு வருடத்தில் எல்லாம் பழகிவிடும். கை கதவுக்கே போகாது. அப்படியே விடுமுறைக்கு ஊருக்குப் போய், டாக்சியை விட்டு இறங்கிக் கதவை ஆவென்று விட்டுவிட்டு நடந்தால் பின்னாலிருந்து குரல் வரும்: "சார், கதவ யாரு சாத்துறது?" திரும்பி வந்து பவ்யமாகச் சாத்துவோம்.

"இன்னும் ஓங்கி சார், லாக் விழல."