விடையை மட்டும் சொல்லிவிடாதீர்கள்

டெல்லி மயூர் விஹார் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை கணக்கு வீட்டுப்பாடத்தோடு வந்து நின்றால், உடனே விடையைச் சொல்லிவிடாதீர்கள்.

எங்கள் மாடிவீட்டுப் பெண் பத்தாம் வகுப்பு. இருபடிச் சமன்பாட்டுப் பாடத்துக்கான ஒரு ரயில் கணக்கைக் கொண்டுவந்தாள். தூரம் 360 கிலோமீட்டர். வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர் கூடினால் 1 மணி நேரம் மிச்சமாகும். அப்படியானால் ரயிலின் வேகம் என்ன?

"அங்கிள், இதுக்கு எந்த ஃபார்முலா?"

ஃபார்முலா இருக்கட்டும்மா, என்ன கேட்டிருக்கிறார்கள் என்று உன் வார்த்தையில் சொல் என்றேன். பாதி இந்தி, பாதி தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். 360-ஐ வேகத்தால் வகுத்தால் பழைய நேரம். வேகத்தோடு 5 கூட்டி வகுத்தால் புது நேரம். இரண்டுக்கும் வித்தியாசம் 1. அவ்வளவுதான், என் கையிலிருந்த பேனாவை வாங்கி அவளே எழுத ஆரம்பித்துவிட்டாள். 40, -45 என்று இரண்டு விடை வந்தது. "மைனஸ்ல ஸ்பீடு கிடையாதே" என்று -45-ஐ அவளே அடித்தாள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்!

கணக்கு மறந்துபோன பெற்றோரும் இதைச் செய்யலாம், கேள்வி கேட்டால் போதும். டியூஷனுக்குப் பணம் கட்டும் முன் என்சிஇஆர்டி பாடப்புத்தகத்தில் போட்டுக்காட்டியிருக்கும் எடுத்துக்காட்டுகளை, விடையை மூடிவைத்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். புத்தகம் கையில் இல்லையா? என்சிஇஆர்டி இணையதளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

அப்புறம், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கக்கூடியவர்கள் சொல்லுங்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைப்போம். எங்கள் வீட்டுக் கூடம் இருக்கிறது.