டெல்லி கோர்ட்டும் கட்டபெட்டு பஸ்ஸும்

ஐப்பசி மழை பிடித்தால் கோத்தகிரியில் துணி காயாது. அது வெளியூர்க்காரர்களுக்கும் தெரியும். பீரோவுக்குள் மடித்து வைத்த துணியே பூசணம் பிடிக்கும் என்பது இங்கே குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும். போன வருஷம் என் கல்யாணப் பட்டின் மடிப்பில் வெள்ளையாகப் பூத்திருந்தது. அந்த ஆத்திரத்தில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் மெஷின் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். 11,800 ரூபாய்.

பத்தொன்பது நாள் ஓடியது. காலையில் அடித்தொட்டியை இழுத்தால் ஒரு சொம்புத் தண்ணீர் இருக்கும். அப்புறம் ஃபேன் மட்டும் சுற்றியது, தொட்டி காய்ந்து கிடந்தது. மாற்றித் தரும் கெடு பத்து நாளோடு முடிந்துவிட்டதாம். மூன்று முறை எழுதியதும் பதில் வந்தது: 'எங்கள் நிபந்தனைகளின்படி எல்லா வழக்குகளும் டெல்லி நீதிமன்றங்களின் எல்லைக்கு மட்டுமே உட்பட்டவை.'

பிரவுசிங் சென்டர் தம்பி அதைப் படித்துவிட்டு, "இந்தக் காசுக்கு டெல்லிக்கா போவீங்கக்கா? விடுங்க" என்றான். அந்த வரியை எழுதினவர் எதிர்பார்த்ததும் அதே பேச்சைத்தான்.

முப்பத்தோரு வருஷம் தபால் ஆபீசில் இருந்தவள் நான். பொடி எழுத்தைப் படிக்காமல் விட மாட்டேன். 'கோவை நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது' என்று கடை பில்களின் அடியில் அச்சடித்திருப்பதை எத்தனை பார்த்திருக்கிறோம்! இரண்டு வியாபாரிகளுக்கு நடுவில் அதற்கு மதிப்பு உண்டு. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி கோர்ட்டுக்கே போகக் கூடாது என்று யாரையும் கட்டிப்போட முடியாது. ஆனால் இரண்டு ஊர்க் கோர்ட்டுக்கும் அதிகாரம் இருந்தால், ஒன்றை மட்டும் பேசி முடித்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு மெஷின் வாங்கிய எனக்கு வேறு வாசல் இருக்கிறது. 1986-ஆம் வருஷத்துப் பழைய நுகர்வோர் சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் ஊரிலோ, வழக்குக்குக் காரணம் எழுந்த ஊரிலோதான் மனு போட வேண்டும். அது எந்த ஊர் என்பதே தனிச் சண்டையாகிவிடும். 2019 சட்டத்தின் 34-ஆம் பிரிவு, புகார் கொடுப்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம் என்கிறது. மத்தியஸ்தரிடம்தான் போக வேண்டும் என்று நிபந்தனை இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்தின் கதவை மூட முடியாது என்பது 2018-லேயே எம்மார் எம்ஜிஎஃப் என்ற வீடு கட்டி விற்கும் கம்பெனியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போய் முடிந்த விஷயம்.

எங்கள் ஆணையம் ஊட்டியில். ஐந்து லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். ஆன்லைனிலும் போட்டிருக்கலாம். ஆனால் தபால்காரிக்குத் தாளில் முத்திரை விழும் சத்தம் கேட்டால்தான் திருப்தி. பில், மெயில்கள், காய்ந்த தொட்டியின் போட்டோ எல்லாவற்றையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு கட்டபெட்டு வழி பஸ் பிடித்தேன். மனுவின் மூன்றாவது பத்தியில் 'மனுதாரர் கோத்தகிரியில் வசிப்பதால்' என்று தொடங்கும் ஒரே ஒரு வாக்கியம். டெல்லிக்கு அதுதான் பதில்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. 'சிங்கப்பூர் சட்டமே செல்லும்' என்று போட்டிருக்கும் வெளிநாட்டுக் கம்பெனி மீதும் ஊட்டியில் மனு போடலாம். உத்தரவும் வாங்கலாம். ஆனால் இந்தியாவில் ஆபீசும் இல்லை, சொத்தும் இல்லை என்றால் யாரிடம் போய் வசூலிப்பது? அதனால் இப்போதெல்லாம் பணம் கட்டுமுன் பக்கத்தின் அடிவரைக்கும் போய், குறைதீர்ப்பு அதிகாரியின் பெயரும் இந்திய முகவரியும் இருக்கிறதா என்று பார்க்கிறேன். 2020 மின்வணிக விதிகளின்படி அதிகாரியின் விவரத்தைப் போட்டே ஆக வேண்டும்.

நோட்டீஸ் போன அடுத்த வாரம் நல்ல தமிழில் ஒரு போன் வந்தது. "மேடம், மெஷினை எடுத்துக்கிட்டுப் பணத்தைத் திருப்பிடறோம். கேஸை வாபஸ் வாங்கிடறீங்களா?"

"எழுத்துல அனுப்புங்க தம்பி" என்றேன்.

இன்னும் வரவில்லை. அடுத்த வாய்தா செவ்வாய்க்கிழமை.