கணக்குப்பிள்ளை கொடுத்த நோட்டு

1980 நவம்பரில், தேவகோட்டைக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில், கணக்குப்பிள்ளையின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கிராமக் கணக்குகளைப் பொறுப்பேற்றேன். நான் வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து அப்போது இரண்டு ஆண்டுகள்கூட நிறையவில்லை. கணக்குப்பிள்ளை உள்ளிட்ட பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒழிக்கும் அவசரச் சட்டம், சட்டமன்றம் கூடாதிருந்த நேரத்தில் ஆளுநரால் பிறப்பிக்கப்பட்டு, பதிவேடுகளை உடனே வாங்கிவிடும்படி வட்ட அலுவலகத்துக்கு உத்தரவு வந்திருந்தது.

பெரியவர் மரப்பெட்டியைத் திறந்து அ-பதிவேடு, சிட்டா, அடங்கல், புலப்படங்கள் என நிலக் கணக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார். கடைசியாக, பட்டியலில் இல்லாத ஒரு நாற்பது பக்க நோட்டையும் நீட்டினார். கண்மாயின் எந்த மடையிலிருந்து எந்த வயலுக்கு, யாருக்குப் பிறகு யாருக்குத் தண்ணீர் பாய வேண்டும் என்று அதில் பென்சிலால் எழுதியிருந்தார்.

"சட்டசபையில பேசித்தான் எங்களை எடுத்தாங்களா தம்பி?" என்று கேட்டார்.

"இனிமேத்தான் பேசுவாங்க ஐயா" என்றேன்.

அப்பதவிகள் ஒழிந்ததில் எனக்கு வருத்தமில்லை. கிராமப் பதவிகளில் பரம்பரை உரிமை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1960-இலேயே கூறியிருந்தது. அவசரச் சட்டத்திலும் சட்டப் பிழை கிடையாது. அரசியலமைப்பின் 213-ஆவது பிரிவு அந்த அதிகாரத்தை ஆளுநருக்கு அளிக்கிறது, சட்டமன்றம் மீண்டும் கூடி ஆறு வாரங்களுக்குள் அது சட்டமாகாவிட்டால் காலாவதியாகிவிடும். 1981-இல் சட்டம் நிறைவேறியது. 1982-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆனால் அவை விவாதிக்க உட்கார்ந்தபோது பெட்டிகள் எல்லாம் எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்திருந்தன. முதலில் விவாதம் நடந்திருந்தால், கண்மாய்ப் பாசனத் தொகுதியிலிருந்து வந்த ஓர் உறுப்பினராவது, இனித் தண்ணீர் முறையை யார் சொல்வார்கள் என்று எழுந்து கேட்டிருப்பார் என்றே நம்புகிறேன். பதவியின் பெயரும் சம்பளமும் கோப்பில் இருக்கும்; அந்தப் பதவியில் இருந்தவர் ஊருக்குச் செய்துவந்த வேலை கோப்பில் இராது.

எல்லாவற்றுக்கும் அவையைக் கூட்ட வேண்டும் என்று நான் வாதிடவில்லை. 1985-இல் ராமநாதபுரம் மாவட்டத்தை மூன்றாகப் பிரிக்க அரசாணையே போதுமானதாக இருந்தது. அதுவரை அம்மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகம் மதுரையில் இருந்ததால், ஒரு மனு கொடுக்கக்கூட எங்கள் பக்கத்துச் சனங்கள் அவ்வளவு தூரம் போய்வந்தார்கள். சிவகங்கையில் ஆட்சியர் அமர்ந்தது பெரிய ஆறுதல். அதே ஆண்டு காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம் உருவானதோ சட்டமன்றம் இயற்றிய சட்டத்தால். அதைக் கலைக்க வேண்டுமென்றாலும் எந்த அரசும் அந்த அவைக்கே திரும்பி வர வேண்டும், ஓர் ஆணையால் முடியாது. மக்களின் அன்றாடத்தோடு பின்னிக் கிடக்கும் பழைய பதவிகளுக்கும் அந்தக் காப்பு வேண்டும் என்பதே என் கருத்து.

பின்னர் அந்த ஊருக்குக் கிராம நிர்வாக அலுவலர் வந்தபோது, நோட்டைப் பட்டியலில் கடைசி வரிசை எண்ணாகச் சேர்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைத்தேன்.