பின்னிரவு வலியும் பகல் 11 மணிச் சீட்டும்

நான் வேலை செய்யும் அரசு மருத்துவமனையின் இயன்முறை சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவர்களில் கணிசமானோரின் புறநோயாளிச் சீட்டில் 'எல்.பி.ஏ.' என்று எழுதி, அதன் கீழே 'ஐ.எஃப்.டி. 10 நாள்' என்று குறித்திருக்கும். கீழ் முதுகுவலி, அதற்கு மின்சிகிச்சை என்பது பொருள். மக்கள் இதைக் கரண்ட் வைப்பது என்பார்கள். சுமை தூக்குகிறவர்கள், நாற்று நடுகிறவர்கள், நாள் முழுதும் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருப்பவர்கள் ஆகியோருக்கு வரும் வலி பெரும்பாலும் தசையையும் தசைநாரையும் சார்ந்தது என்பதால், அந்தச் சிகிச்சையும் நாங்கள் கற்றுக்கொடுக்கும் பயிற்சிகளும் அவர்களில் பலருக்குப் போதுமானவையாக இருக்கின்றன. என் மனத்தை விட்டு அகலாதவர்கள் வேறு சிலர். அதே மூன்று எழுத்தைச் சுமந்துகொண்டு ஆண்டுக்கணக்கில் வந்து போகிறவர்கள் அவர்கள்.

அவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். எந்த அடியும் படாமல், எதையும் தூக்காமல், 20 வயதை ஒட்டி மெல்ல மெல்லத் தொடங்கிய வலி அவர்களுடையது. படுத்து ஓய்வெடுத்தால் கூடுகிறது, நடமாடினால் குறைகிறது; பின்னிரவில் தூக்கத்தைக் கலைத்து எழுப்பிவிடுகிறது; விடிந்த பிறகும் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு கட்டைபோல் விறைத்துக் கிடக்கிறது; பிட்டத்தில் சில நாள் இடப்பக்கமும் சில நாள் வலப்பக்கமுமாக மாறி மாறி வலிக்கிறது. இப்படி ஒருவர் சொன்னால், அங்கிலோசிங் ஸ்பான்டிலைடிஸ் எனப்படும் முதுகெலும்பு அழற்சி நோயைத்தான் முதலில் ஐயப்பட வேண்டும். முதுகெலும்பின் அடிப்பகுதியும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டுகளில் தொடங்கும் இந்த அழற்சி, கவனிக்காமல் விட்டால் சிலருக்கு முள்ளெலும்புகளையே ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். எச்.எல்.ஏ. பி27 என்ற மரபுக்கூறுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு 1973-லேயே கண்டறியப்பட்டது. அப்படியிருந்தும், வலி தொடங்கியதிலிருந்து நோயின் பெயர் தெரியும் வரை உலக அளவில் சராசரியாக ஏறக்குறைய 7 ஆண்டுகள் கழிகின்றன.

இந்தத் தாமதத்தின் காரணங்களில் ஒன்றை மருத்துவமனையின் அன்றாட நேர ஒழுங்கிலேயே பார்க்கிறேன். லேத் பட்டறையில் வேலை செய்யும் ஓர் இளைஞர் அதிகாலை 4 மணிக்கு வலியில் எழுந்து, காலுறை போடக்கூடக் குனிய முடியாமல் அம்மாவின் உதவியோடு கிளம்பி, முதல் பேருந்தைப் பிடித்து வந்து சீட்டு வாங்குகிறார். பின்னர் சீட்டு எழுதும் இடத்துக்கும் எக்ஸ்ரே அறைக்கும் மருத்துவர் அறைக்குமாக நடக்கிறார். நடக்க நடக்க இந்த நோயில் உடல் இளகும். ஆகவே 11 மணியளவில் மருத்துவரின் முன் போய் நிற்கும்போது, அன்றைய நாளிலேயே மிக நன்றாக இருக்கும் நிலையில் நிற்கிறார். அவருக்குப் பின்னால் நீண்ட வரிசை நிற்கிறது. எங்கே வலிக்கிறது என்று கேட்க நேரம் இருக்கிறது. எப்போது வலிக்கிறது என்று கேட்க நேரம் இல்லை. அந்த மருத்துவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு முற்பகலில் அவர் பார்த்து முடிக்க வேண்டியவர்களின் கூட்டத்தை நான் நாள்தோறும் பார்க்கிறேன். ஆனால் அந்த ஒரு கேள்வி விட்டுப்போனதன் விலையை அந்த இளைஞர் தன் முதுகெலும்பால் கொடுக்கிறார் என்பதையும் நான் சொல்லியாக வேண்டும்.

எக்ஸ்ரேயைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். 1984-இல் வகுக்கப்பட்ட அளவுகோலின்படி, முதுகெலும்பும் இடுப்பெலும்பும் சேரும் அந்த மூட்டுகளின் சிதைவு எக்ஸ்ரேயில் தெரிந்தால்தான் இந்நோயை உறுதி செய்ய முடியும். அந்தச் சிதைவு எக்ஸ்ரேயில் தெரிய, அழற்சி தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகலாம். அதற்கு முன்பே எம்.ஆர்.ஐ. படத்தில் அழற்சியைக் காண முடியும் என்பதால், 2009-இல் வந்த புதிய அளவுகோல் எம்.ஆர்.ஐ.யையும் மரபுக்கூறுப் பரிசோதனையையும் ஏற்றுக்கொண்டது. எங்கள் நடைமுறையிலோ இன்னமும் முதுகின் எக்ஸ்ரே ஒன்றை எடுத்து, "எலும்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி அனுப்புவது தொடர்கிறது. ஆறுதலாகச் சொல்லப்படும் அந்த வார்த்தை வீட்டில் வேறு விதமாக ஒலிக்கிறது. ஒன்றும் இல்லை என்று டாக்டரே சொல்லிவிட்ட பிறகு, காலையில் எழ முடியாதவன் சோம்பேறி ஆகிவிடுகிறான். வேலைக்குப் போகாமலிருக்க நடிக்கிறான் என்று தந்தையே சொன்னதை என்னிடம் சொல்லி அழுத இளைஞர்கள் உண்டு.

பெண்களின் நிலை இதைவிடக் கடினம். இது ஆண்களின் நோய் என்ற எண்ணம் பாடநூல்களிலேயே நெடுங்காலம் இருந்தது. பெண்களுக்கு நோய் கண்டறிய ஆண்களைவிட அதிகக் காலம் ஆகிறது என்று இப்போது ஆய்வுகள் காட்டுகின்றன. நம் ஊரில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. அறுவை சிகிச்சையில் குழந்தை பெற்ற ஒரு பெண்ணுக்கு எப்போது முதுகு வலித்தாலும், "பிரசவத்துல முதுகுல ஊசி போட்டாங்கல்ல, அதான்" என்று அக்கம்பக்கத்தார் தொடங்கிச் சில சமயம் மருத்துவப் பணியாளர்கள் வரை எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். அப்படி ஒரு பெண் பல ஆண்டுகளாக எங்களிடம் வந்துகொண்டிருந்தார். வேலை செய்யும்போது வலி எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, "வீட்டு வேலை செஞ்சா தேவலை மேடம், படுத்தாத்தான் உயிர் போகுது" என்றார். இரண்டு முறை கண் சிவந்து வலித்துக் கண் மருத்துவமனைக்குப் போனதையும், அங்கே கண்ணுக்குள் அழற்சி என்று சொட்டு மருந்து கொடுத்ததையும் பேச்சுவாக்கில் சொன்னார். முதுகுவலியும் கண் அழற்சியும் ஒரே நோயின் இரு முகங்களாக இருக்கலாம் என்று அதுவரை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. இரண்டும் இரண்டு கட்டடங்களில், இரண்டு சீட்டுகளில் இருந்தன.

இயன்முறை சிகிச்சையாளர்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது: நோயாளியோடு அரை மணி நேரம் இருக்கிறோம், அதுவும் அடுத்தடுத்த நாள்களில். பயிற்சி செய்யும்போது அவர்கள் பேசுவார்கள். ஐயம் வந்தால் என்னிடம் இன்ச் டேப் இருக்கிறது. இடுப்பின் இரு குழிகளுக்கு இடையில் ஒரு புள்ளியும் அதற்கு 10 செ.மீ. மேலே ஒரு புள்ளியும் வைத்து, முழங்காலை மடக்காமல் குனியச் சொன்னால், அந்த இடைவெளி 5 செ.மீ. அளவாவது நீள வேண்டும். சிலருக்கு 2 செ.மீ. கூட நீள்வதில்லை. சுவரில் குதிகாலையும் முதுகையும் ஒட்டி நிற்கச் சொன்னால் பின்தலை சுவரைத் தொட வேண்டும். தொடாமல் நிற்கும் இளைஞரைப் பார்க்கும்போது எனக்கு வரும் கோபத்தை அடக்கிக்கொண்டுதான் அளவை எழுதுகிறேன். ஏனெனில், இழந்த அந்த அசைவை என் பயிற்சிகளால் முழுவதும் மீட்டுத்தர இயலாது.

எழுதி என்ன செய்வது என்பதுதான் அடுத்த சிக்கல். சீட்டு மேலிருந்து கீழே வருகிறதே தவிர, கீழிருந்து மேலே போக முறையான வழி இல்லை. மூட்டு வாதவியல் பிரிவு எங்கள் மருத்துவமனையில் கிடையாது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும், அதற்கு மருத்துவரின் பரிந்துரை வேண்டும். நான் என் அளவுகளை ஒரு தாளில் எழுதிச் சீட்டோடு பின் செய்து திருப்பி அனுப்புகிறேன். சில மருத்துவர்கள் அதைப் படித்துவிட்டு உடனே பரிந்துரைக்கிறார்கள். அவர்களுக்கு நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன். சில தாள்கள் அப்படியே திரும்பி வருகின்றன, மேலும் 10 நாள் கரண்ட் என்ற குறிப்போடு.

பெயர் தெரிந்த பின்னும் காத்திருப்பு முடிவதில்லை. முதல் நிலை மருந்துகளுக்கு அடங்காதவர்களுக்கு அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசிகள் தேவைப்படுகின்றன. அவற்றில் ஒன்றின் ஒத்த மருந்து 2014 முதல் இந்தியாவிலேயே தயாராகிறது என்றாலும், தினக்கூலிக் குடும்பத்துக்கு அதன் விலை இன்னும் எட்டாததே. அந்த ஊசி உறங்கிக்கிடக்கும் காசநோயைத் தூண்டிவிடக்கூடும் என்பதால் முதலில் காசநோய்ப் பரிசோதனை செய்தாக வேண்டும். இது தேவையான காத்திருப்பு, இதை நான் குறை சொல்ல மாட்டேன். இதற்கிடையில் மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிய வலி மாத்திரைகளைப் பல ஆண்டுகள் விழுங்கி, வயிற்றுப்புண்ணோடும் சிறுநீரகப் பாதிப்போடும் வருகிறவர்களைப் பார்ப்பதுதான் தாங்க முடியாதது. உலக சுகாதார நிறுவனத்தின் 11-ஆம் நோய் வகைப்பாடு 2022-இல் நடைமுறைக்கு வந்தபோது, மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலிக்கென்று தனிக் குறியீடு கிடைத்தது. எங்கள் பதிவேட்டில் இன்றும் 'எல்.பி.ஏ.' தான்.

நான் கேட்பது பெரிதன்று. 45 வயதுக்குள் தொடங்கி மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்த முதுகுவலி உள்ளவர்களின் சீட்டில், எப்போது வலிக்கிறது, ஓய்வில் கூடுகிறதா, காலையில் எவ்வளவு நேரம் விறைப்பு, கண் சிவந்து வலித்ததுண்டா என்ற நான்கு கேள்விகள் இருக்க வேண்டும். அவற்றுக்கான விடைகள் ஐயத்தை எழுப்பினால், நோயாளியை மூட்டு வாதவியல் பிரிவுக்கு நேரடியாக அனுப்ப இயன்முறை சிகிச்சையாளருக்கும் அனுமதி வேண்டும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் துறையினர் வீடு தேடிச் செல்கிறார்கள். அங்கும் இதே கேள்விகளைக் கேட்கலாம். இந்தக் கோரிக்கையை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். அடுத்து, எங்கள் வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையங்களின் செவிலியர்களுக்கு இந்த நான்கு கேள்விகளையும் இன்ச் டேப் அளவையும் கற்றுக்கொடுக்க அனுமதி கேட்கவிருக்கிறேன்.