நாற்காலிக்கு மூன்று கால்

வாரந்தோறும் ஒரு சொல்லை எடுத்து வரையும் எங்கள் குழு, போன ஞாயிற்றுக்கிழமை ஜாடியிலிருந்து எடுத்த சீட்டில் ‘நாற்காலி’ என்று எழுதியிருந்தது. கூடத்தின் நடுவில் ஒரு மர நாற்காலியை வைத்து, ஏழு பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்தோம். இருபது நிமிடம். நேரம் முடிந்ததும் வழக்கம்போல ஏழு ஸ்கெட்ச் புத்தகங்களையும் தரையில் வரிசையாக விரித்தோம். ஆறு படங்களில் நாற்காலிக்கு நான்கு கால்கள். கல்லூரி மாணவியின் படத்தில் மட்டும் மூன்று.

“நாலாவது கால் எங்கே அம்மா?” என்று கேட்டார், தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர்.

“என் இடத்திலிருந்து அது தெரியவில்லை தாத்தா. முன்காலுக்குப் பின்னால் மறைந்திருந்தது.”

நான் எழுந்துபோய் அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மூன்றுதான் தெரிந்தது. திரும்பி என் இடத்துக்கு வந்து பார்த்தேன். அங்கிருந்தும் பின்கால்களில் ஒன்று முக்கால்வாசி மறைந்துதான் இருந்தது; தரையை ஒட்டி இரண்டு விரற்கடை அளவுக்கு மட்டும் வெளியே தெரிந்தது. என் படத்திலோ அந்தக் கால் மேலிருந்து கீழ்வரை முழுதாக நின்றது. கண்ணுக்குத் தெரியாததை இருபது நிமிடமும் கவனமாக வரைந்திருக்கிறேன். நிழல்கூடக் கொடுத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் அது மனதை விட்டுப் போகவில்லை. நாற்காலி என்ற சொல்லிலேயே நான்கு கால்களும் இருக்கின்றன. பெயர் வைத்தவர்கள் கால்களை எண்ணி நம் கையில் கொடுத்துவிட்டார்கள். சீட்டைப் படித்த கணத்திலேயே என் கைக்குக் கணக்கு தெரிந்துவிட்டது. அதன்பின் கண்ணைக் கேட்க வேண்டிய தேவை அதற்கு இல்லாமல் போயிற்று.

எங்கள் குழுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். நாங்கள் யாரும் ஓவியர்கள் அல்லர். ஓர் ஆசிரியை, ஒரு பல் மருத்துவர், தபால் பெரியவர், அந்த மாணவி, ஒரு தையல்காரர், அவர் தங்கை, நான். ஜேக் பார்க்கர் என்ற அமெரிக்க ஓவியர் 2009இல் தன் சொந்தப் பயிற்சிக்காகத் தொடங்கிய இங்க்டோபரைப் பற்றி ஆசிரியைதான் முதலில் சொன்னார். அக்டோபர் மாதத்தின் 31 நாளும் நாளுக்கொரு மைச்சித்திரம். நாங்களும் ஓர் அக்டோபரில் இறங்கினோம். பன்னிரண்டாம் நாளோடு ஐந்து பேர் நின்றுவிட்டோம். நாளுக்கொன்று என்பது வேலைக்குப் போகிறவர்களுக்குக் கடினம் என்று புரிந்தது. ஆனால் யாரோ கொடுத்த ஒரு சொல்லுக்காக உட்கார்ந்து வரைவதன் ருசி மட்டும் எல்லோரிடமும் தங்கிவிட்டது. வாரத்துக்கு ஒன்று என்று மாற்றிக்கொண்டோம். சொற்களைச் சீட்டில் எழுதி ஒரு ஜாடியில் போட்டு வைத்தோம். இப்போது மூன்றாவது ஆண்டு நடக்கிறது.

சட்டங்கள் அதிகம் இல்லை. வரையும் பொருள் கண் முன்னால் இருக்க வேண்டும். ரப்பர் கூடாது. புத்தகங்களை விரித்த பிறகு ‘நன்றாக இருக்கிறது’ என்று யாரும் சொல்லக் கூடாது. ‘இதில் எதைப் பார்த்தாய்?’ என்று கேட்கலாம். கடைசிச் சட்டம் தையல்காரர் கொண்டுவந்தது. இருக்கிற சட்டங்களிலேயே அதுதான் உயர்ந்தது என்பது என் எண்ணம். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது.

பொருள் கண் முன்னால் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன். கைப்பேசிப் படத்தைப் பார்த்து வரைந்தால் என்ன என்று புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். கேமராவுக்கு ஒரு கண்தான். நமக்கு இரண்டு. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கோப்பையை வைத்துவிட்டு, முதலில் இடக்கண்ணை மூடிப் பாருங்கள்; அடுத்து வலக்கண்ணை மூடிப் பாருங்கள். கோப்பையின் பிடி பின்சுவரில் இடம்விட்டு இடம் தாவும். தலையைச் சற்றே சாய்த்தாலும் விளிம்பின் வளைவு மாறும். எந்தக் கோட்டை எடுப்பது, எதை விடுவது என்று ஒவ்வொரு நொடியும் நாம்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. புகைப்படத்தில் அந்த முடிவுகள் எல்லாம் எடுக்கப்பட்டுவிட்டன. மிச்சம் இருப்பது நகல் எடுக்கும் வேலை. அதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை.

என் தொழில் இயந்திர உதிரிப்பாகங்களுக்குப் படம் வரைவது. இருபத்திரண்டு ஆண்டுகளாக அதைத்தான் செய்கிறேன். முதலில் வரைபலகையில், பிறகு கணினியில். ஆகவே கோப்பை என்ற சொல் வந்த வாரம் எனக்கு எளிதாக இருக்கும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். மேல் விளிம்புக்கு ஒரு நீள்வட்டம், அடிக்கு ஒரு நீள்வட்டம், இரண்டையும் இணைக்க இரண்டு கோடுகள். ஐந்தே நிமிடத்தில் முடிந்தது. கோடு துளியும் நடுங்கவில்லை. ஆனால் கோப்பை மேசையில் உட்காரவில்லை. அடிப்பாகம் எங்கோ தூக்கிக்கொண்டு, பின்பக்கமாகச் சாய்வதுபோல இருந்தது. எங்கே தவறு என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

பல் மருத்துவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் பென்சிலைக் கையை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, கோப்பையின் வாயை முதலில் குறுக்காக அளந்தார், அடுத்து நெடுக்காக அளந்தார். பிறகு அடியின் வளைவை அளந்தார். “உங்கள் இரண்டு வட்டமும் ஒரே மாதிரி இருக்கின்றன சார். கீழே இருப்பது இன்னும் உருண்டையாக இருக்க வேண்டும்” என்றார்.

அப்போதுதான் உறைத்தது. தொழிலில் நாங்கள் வரையும் ஐசோமெட்ரிக் படத்தில் மேல் வட்டமும் அடிவட்டமும் ஒரே அகலத்தில், ஒரே சாய்வில்தான் இருக்கும். அங்கே பார்ப்பவர் எந்த இடத்திலும் உட்கார்ந்திருக்கவில்லை. எல்லாக் கோடுகளும் இணையாகவே போகும்; எதுவும் தூரத்தில் சிறுக்காது. பட்டறையில் அளவு எடுத்து வெட்டுவதற்கு அதுதான் வசதி. கண்ணுக்கு அப்படி இல்லை. கோப்பையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தினால் அதன் வாய் ஒரே கோடாகிவிடும். கீழே இறக்க இறக்க வாய் திறந்துகொண்டே வரும். அடிப்பாகம் வாயைவிடக் கீழே இருப்பதால் அதை இன்னும் மேலிருந்து பார்க்கிறோம்; அதனால் அது வாயைவிட உருண்டையாகத் தெரிகிறது. விளக்கம் இவ்வளவுதான். நான் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். ஆனாலும் அந்தக் கோப்பையை அடுத்த ஒன்பது நாட்கள் இரவில் மேசைமேல் வைத்து வைத்து வரைந்த பிறகுதான் கை ஒப்புக்கொண்டது. ஒன்பதாவது படத்தில் கோப்பை அப்படியே சம்மணம் போட்டதுபோல உட்கார்ந்தது. அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

நான் சொல்ல வந்த விஷயத்துக்கு இதையும் சேர்த்துக்கொள்ளலாம். பெயர் மட்டுமல்ல, தொழிலும் நமக்கு முன்பே பொருளுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. பல் மருத்துவர் சீப்பை வரைந்தபோது பற்களுக்கு நடுவில் இருந்த இடைவெளிகளைத்தான் வரைந்தார். தையல்காரர் கத்தரிக்கோலை வரைந்தால் திருகாணி இருக்கும் இடத்திலிருந்துதான் தொடங்குகிறார். இரண்டு அலகுகளும் அங்கேதான் கடிக்கின்றன என்கிறார். நாங்கள் எல்லோரும் கைப்பிடி வளையங்களில் தொடங்கி, அலகு போய்ச் சேர வேண்டிய இடத்தைத் தவறவிட்டிருந்தோம். அவர் படத்தைப் பார்த்தால் அந்தக் கத்தரிக்கோல் துணியை வெட்டும் என்று தெரியும்.

சில சொற்கள் ஜாடியிலிருந்து வெளியே வரும்போதே பல பொருளோடு வருகின்றன. ‘கண்ணாடி’ அப்படிப்பட்டது. அந்த வாரம் பொருளை வீட்டிலிருந்து கொண்டுவரலாம் என்று ஏற்பாடு. ஆசிரியை முகம் பார்க்கும் கண்ணாடி கொண்டுவந்தார். மாணவி உடைந்த ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள். தையல்காரரின் தங்கை ஒரு கண்ணாடிக் குடுவையில் பாதி தண்ணீர் ஊற்றி வைத்தார். பெரியவர் எதுவும் கொண்டுவரவில்லை. தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அதைக் கழற்றினால் அவரால் வரைய முடியாது. ஆகவே “நீங்கள் வரையுங்கள், நான் உட்கார்ந்திருக்கிறேன்” என்றார்.

நான் அதைத்தான் எடுத்துக்கொண்டேன். கிட்டப்பார்வைக்கான தடித்த கண்ணாடி. விரித்து வைத்திருந்த கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தின்மேல் அது கிடந்தது. சட்டத்தை வரைந்தேன், காது பிடிக்கும் வளைவை வரைந்தேன், மூக்கின்மேல் அமரும் இரண்டு சிறு தாங்கிகளையும் வரைந்தேன். கண்ணாடி வந்தபாடில்லை. இரண்டு வெறும் வளையங்களாகவே இருந்தது. ஒளி பட்ட இடத்தில் சாய்வாக இரண்டு கோடு போடுவது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். அதையும் போட்டுப் பார்த்தேன். அது கண்ணாடி என்ற சொல்லைத்தான் எழுதிக் காட்டியது.

அப்புறம் லென்ஸை விட்டுவிட்டு, அதற்குள்ளே தெரிந்த நோட்டுக் கோடுகளைப் பார்த்தேன். வெளியே நேராக வந்த நீலக் கோடு, சட்டத்தின் விளிம்பில் அறுந்து, உள்ளே சற்று மையத்தை நோக்கி நகர்ந்து, மறுபடி தொடர்ந்தது. உள்ளே கோடுகள் வெளியே இருப்பதைவிட நெருக்கமாக இருந்தன. குழிலென்ஸ் எதையும் சிறிதாக்கிக் காட்டும் என்பது பாடம். ஓரங்களுக்குப் போகப்போகக் கோடுகள் மெல்ல வளைந்தன. விளிம்பை ஒட்டிய இடத்தில், தடித்த ஓரத்தின் உள்பக்கத்தில், சாம்பல் நிற வளையம் ஒன்று மற்றொன்றுக்குள் இருப்பதுபோலத் தெரிந்தது. கண்ணாடியைத் தொடாமல், கோடுகள் அறுந்து நகர்ந்த இடங்களை மட்டும் ஒவ்வொன்றாகக் குறித்தேன். பதினொரு கோடுகள். பதினொன்றாவது முடிந்தபோது காகிதத்தில் கண்ணாடி இருந்தது. தடிமனும் இருந்தது.

பெரியவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு என் படத்தைக் கையில் வாங்கினார். வெகுநேரம் பார்த்தார். “இவ்வளவு பவரா இது?” என்று மட்டும் கேட்டார்.

இப்படி ஒரே பொருளோடு கிடப்பதில் மனிதர்கள் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இத்தாலிய ஓவியர் ஜியோர்ஜியோ மொராண்டிதான் எனக்கு முன்னோடி. 1890இல் பிறந்து 1964இல் இறந்தவர். பொலோன்யா நகரத்தில், தான் உறங்கும் அறையிலேயே, சீசாக்களையும் ஜாடிகளையும் பெட்டிகளையும் மேசையில் இடம் மாற்றி மாற்றி வைத்துப் பல பத்தாண்டுகள் வரைந்தார். சீசாக்களின்மேல் வண்ணம் பூசிப் பளபளப்பையும் எழுத்துகளையும் மறைத்துவிடுவார். அது எதற்கு என்று முன்பு எனக்குப் புரியாது. நாற்காலி வாரத்துக்குப் பிறகு புரிகிற மாதிரி இருக்கிறது. பெயர்ச்சீட்டு ஒட்டியிருக்கும்வரை கண் அதைத்தான் படிக்கும்.

பொருள்களைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்கிறேன். தாளைப் பற்றி இரண்டு வரி, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக. ஏ5 அளவுப் புத்தகம் போதும். 148க்கு 210 மில்லிமீட்டர், மடியில் வைத்து வரையலாம். சாதாரண 80 ஜி.எஸ்.எம். தாள் (ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ளது) பென்சிலுக்குச் சரி. அதன்மேல் தண்ணீர்த் தூரிகை பட்டால் சுருண்டுவிடும். மையின்மேல் வண்ணம் தீட்டுவதாக இருந்தால் நீரில் கரையாத மைதானா என்று முதலில் ஓர் ஓரத்தில் சோதித்துக்கொள்ளுங்கள். குடை வாரத்தில் நான் சோதிக்கவில்லை. எட்டுக் கம்பிகளையும் ஒவ்வொன்றாக வரைந்து, துணியின் தொய்வை எல்லாம் பிடித்து, மேலே லேசாகச் சாம்பல் வண்ணத்தைப் போட்டேன். ஒரே இழுப்பில் கம்பிகள் நீலமாகக் கரைந்து ஓடின. நாற்பது நிமிட உழைப்பு. அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. ஆசிரியை அதைப் பார்த்து, மழையில் பிடித்த குடைபோல இருக்கிறது என்றார். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் தெரிந்தது. எனக்கு இன்றும் அது கரைந்த குடைதான்.

நாற்காலிக்கு வருகிறேன். மாணவியிடம், அந்தக் காலை எப்படி விடத் துணிந்தாய் என்று கேட்டேன். தான் கால்களை வரையவே இல்லை என்றாள். கால்களுக்கு இடையே தெரிந்த சுவரின் துண்டுகளை வரைந்திருக்கிறாள். ஒரு கோணலான சதுரம், ஒரு நீண்ட முக்கோணம், குறுக்குச் சட்டத்துக்குக் கீழே ஒரு பட்டை. அந்த வெற்றிடங்களுக்குப் பெயர் எதுவும் கிடையாது. எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்து முடித்துப் பார்த்தபோது மூன்று கால்கள் தாமாக நின்றிருக்கின்றன. “எத்தனை கால் வந்திருக்கிறது என்று நீங்கள் கேட்ட பிறகுதான் நானே எண்ணிப் பார்த்தேன் சார்” என்றாள்.

திங்கள், செவ்வாய் இரண்டு இரவும் வீட்டில் அதே முறையில் நாற்காலியை வரைந்து பார்த்தேன். முதல் நாள் பாதியிலேயே கை மறுபடி காலைத் தேடிப் போய்விட்டது. இரண்டாம் நாள் நாற்காலியின் பின்னால் ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டு, துணியின் துண்டுகளை மட்டும் பார்த்தேன். என் இடத்திலிருந்து மூன்றரைக் கால் வந்தது.

இந்த வாரச் சீட்டை எடுத்தது நான்தான். ‘முடிச்சு’ என்று பெரியவரின் கையெழுத்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள். ஒரு முழம் சணல் கயிற்றை எடுத்து, சாதாரண முடிச்சு ஒன்று போட்டு, முழுதாக இறுக்காமல் மேசை விளக்கின் கீழ் வைத்திருக்கிறேன். ஒரு புரி மேலே வந்து, அடுத்ததன் கீழே நுழைந்து, உள்ளே எங்கோ திரும்புகிறது. மறுபக்கத்தில் இரண்டு நுனிகள் வெளியே வருகின்றன. உள்ளே போனது எந்தப் பக்கமாக வெளியே வந்தது என்று அரைமணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் பென்சிலைத் தொடவில்லை.