காக்காவைத் தாத்தா என்றவன்

நாலு வயது முடிந்தும் என் மகனுக்கு ‘க’ வரவில்லை. கை ‘தை’, கட்டில் ‘தட்டில்’, காக்கா ‘தாத்தா’. எங்களுக்குப் புரியும், வெளியாட்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள், நான் அர்த்தம் சொல்வேன். “தானா சரியாயிடும்” என்று ஒரு வருடம் ஓட்டினோம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்றரை வயதுக்குள் இது போய்விடும் என்பது பிறகுதான் தெரிந்தது.

நேராகப் பேச்சுப் பயிற்சியாளரிடம் போய் நின்றேன். “காது டெஸ்ட் ரிப்போர்ட் எங்கே?” கூப்பிட்டால் திரும்புகிறானே என்றேன். அது கணக்கில் வராதாம். அரை நாள் வீண். காது பார்க்கப் போன அன்று பார்த்துச் சளி. செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது, வற்றியபின் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ரிப்போர்ட் கைக்கு வர இரண்டு மாதம். போகும் முன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

நடுவில் உறவுக்காரர்கள், “நாக்குக்கு அடியில கொஞ்சம் வெட்டி விட்டா சரியாயிடும்” என்று. ‘க’வுக்கு நாக்கின் பின்பகுதிதான் எழும்ப வேண்டும். நுனிக்கு அங்கே வேலையே இல்லை.

எனக்கு இன்னும் ஆறாதது அடுத்த இரண்டு மாதம். முதல் பயிற்சியாளர் விசில் ஊதச் சொன்னார், குமிழி ஊதச் சொன்னார், நாக்கை நீட்டி மடக்கச் சொன்னார். பிள்ளை நன்றாக ஊதக் கற்றுக்கொண்டான். ‘க’ மட்டும் வரவில்லை. வெறும் ஊதலாலும் நாக்குப் பயிற்சியாலும் ஒலி திருந்தும் என்பதற்குச் சரியான ஆதாரமே கிடையாது. பயிற்சி நேரம் முழுக்க ஒரு சொல்கூடப் பிள்ளை வாயில் வரவில்லையென்றால் ஏன் என்று கேளுங்கள். நான் கேட்கக் கூச்சப்பட்டேன்.

இரண்டாமவர் படங்களைக் காட்டி ஒவ்வொரு ஒலியாகக் குறித்தார். ‘முகம்’ சரியாகச் சொன்னான்! அங்கே வருவது ‘ஹ’ மாதிரி வேறு ஒலி, சிக்கல் சொல்லின் முதல் ‘க’விலும் ‘க்க’விலும்தான் என்றார். பிறகு காக்கா படத்தைக் காட்டி, “இது தாத்தாவா?” என்றார். இவனுக்குக் கோபம். “தாத்தா இல்ல, தாத்தா!” காதுக்கு வித்தியாசம் தெரிகிறது, வாய்க்குத்தான் வழி தெரியவில்லை.

மல்லாக்கப் படுக்கவைத்து, நாக்கு நுனியை ஐஸ் குச்சி மாதிரி ஒன்றால் லேசாக அழுத்திப் பிடித்தார். மூன்றாம் நாள் இருமல் மாதிரி ஒரு ‘க்’ வந்தது. அடுத்து ஜோடி அட்டைகள்: கட்டு–தட்டு, காக்கா–தாத்தா. அவன் வாயில் எது வருகிறதோ அந்த அட்டையைத்தான் கொடுக்க வேண்டும். காக்கா கேட்டவன் கையில் தாத்தா படம். அதையே உற்றுப் பார்த்தான். தள்ளி வைத்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு, “க்…ஆக்கா.” எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டில் தினம் பத்து நிமிடம், அவ்வளவுதான். மற்ற நேரத்தில் “சரியா சொல்லு” என்று பிடுங்கக் கூடாது. “ஆமாம், காக்கா” என்று நாம் சரியாகச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். மாமியாருக்கு இதைப் புரியவைத்தது தனிக்கதை.

இப்போது புதுக் கூத்து. பார்த்த இடமெல்லாம் ‘க’ போடுகிறான். புது ஒலி பிடிபட்டதும் சில பிள்ளைகள் இப்படித்தான், அடங்கிவிடும் என்கிறார் பயிற்சியாளர். என் மாமனார் இரண்டு வாரமாக “காக்கா” என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கிறார்.