லாரிச் சாவி

போன டிசம்பர் 31 ராத்திரி எட்டரை மணிக்கு நான் செய்தது சரிதான் என்று இதுவரை பத்து இருபது பேரிடமாவது சொல்லியிருப்பேன். சரி என்றால் எதற்கு இத்தனை பேரிடம் சொல்லிக்கொண்டு திரிகிறாய் என்று வீட்டில் கேட்டாள். பதில் இல்லை, எழுதிப் பார்க்கிறேன்.

கன்டெய்னர் லாரி யார்டில் டிரிப் போடுகிறவன் நான். டிரைவர் அண்ணன் ஊதியதும், மூச்சை வைத்துக் குடித்த அளவு சொல்கிற மெஷின் 41 காட்டியது. சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் வரைக்கும்தான், அதைத் தாண்டினால் முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை உள்ளே, சமயத்தில் இரண்டும். 2019க்கு முன்னால் அந்த அபராதம் 2,000 வரைக்கும்தான். டிரைவர் அண்ணனுக்கு இதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும். டிரெய்லர் ஓட்டி 22 வருஷம்.

"இன்னொரு தபா ஊதுறேன் தம்பி."

ஊதினார். 40.

"பாத்தியா, எறங்குது."

பின்னால் நின்ற கிளீனர் பையன் சிரித்துவிட்டான், எனக்கும் சிரிப்பு வந்தது. காட்டுப்பள்ளி துறைமுகத்துக்குப் போகிற லோடு, சீல் போட்டு ரெடியாக நின்றது, ராத்திரிப் படி சேர்த்துக் கிடைக்கும். ஒன்பதரைக்கு எடுக்கிறேன், அதற்குள் இறங்கிவிடும், ஒரு டீ போட்டுவிட்டு வருகிறேன் என்றார். இன்றைக்குப் போலீஸ் எல்லாம் பீச் பக்கம்தான் நிற்பான், மணலி ரோட்டுக்கு எவன் வரப்போகிறான் என்று அதற்கு மேல் ஒன்று.

டீ, மோர், எலுமிச்சை, தலையில் தண்ணீர் எதுவும் வேலைக்கு ஆகாது. கல்லீரல் தன் வேகத்தில்தான் வேலை பார்க்கும், மணிக்குச் சுமார் 15 குறையும், ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் அந்தக் கணக்கையே போட்டால் அவர் சொன்னதில் பாயிண்ட் இருந்தது, ஒன்பதரைக்கு 25 பக்கம் வந்திருப்பார், மெஷினே சரி என்று சொல்லியிருக்கும். இதுதான் இன்னும் உறுத்துகிறது. அதே சமயம், கடைசியாக எப்போது குடித்தார் என்று அவர் சொல்லவில்லை. கொஞ்சம் முன்னால்தான் என்றால் இறங்காது, இன்னும் ஏறும். அந்த ஒரு புள்ளி குறைந்தது மெஷினின் தள்ளாட்டமாகவும் இருக்கலாம். தவிர, 40 அடி கன்டெய்னரை இழுத்துக்கொண்டு இருட்டில் போகிறவருக்கு 25 என்பது மட்டும் என்ன பெரிய யோக்கியம்?

"வேணாம்ணே. வேற ஆளு போட்டுக்கிறேன். சாவியக் குடுத்துடுங்க."

கொடுத்தார். முறைக்கவில்லை, திட்டவில்லை. வேளாங்கண்ணி மாதா படம் போட்ட பிளாஸ்டிக் கீச்செயின், ஓரம் தேய்ந்து மாதாவின் முகம் வெளுத்துப் போயிருந்தது. வாங்கி ஆணியில் மாட்டினேன், டிரிப் ஷீட்டில் பேரை அடித்துவிட்டு வேறு பேர் எழுதினேன். அதற்குள் ஓனரிடமிருந்து இரண்டு போன், ஹார்பர் கேட் கட்‑ஆஃப் நேரம் தாண்டினால் யார் பதில் சொல்வது என்று. அந்தச் சத்தத்தில் நான் வளைந்து கொடுக்கவில்லை என்பதில் எனக்கு இன்னும் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைக்க மாட்டேன்.

ஓனருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோதே கேட்டுக்கு வெளியே ஒரு பைக் கிளம்பிய சத்தம் கேட்டது. சைலன்சர் உடைந்த பைக். அவருடையது, யார்டில் எல்லாருக்கும் தெரியும். காசிமேடு போக வேண்டும். அந்த நேரத்தில் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இரண்டு பக்கமும் டிரெய்லர், நடுவில் கிடைத்த சந்தில் பைக். டிரெய்லருக்குள் உட்கார்ந்தால் அவர் ஆபத்து ஊருக்கு. பைக்கில் உட்கார்ந்தால் பெரும்பாலும் அவருக்கே. நான் லாரிச் சாவியை மட்டும் வாங்கினேன். மறந்துவிட்டேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன், ஆனால் மறக்கவில்லை, சத்தம் கேட்டதும் தெரிந்தது. கேட்டுக்கு வெளியே நடப்பது என் டிரிப் ஷீட்டில் வராது. அவ்வளவுதான் அந்த நிமிஷத்தில் ஓடியது. ஓடிப்போய் நிறுத்தியிருந்தால் கேட்டிருப்பாரா? வயதில் மூத்தவர், ஏற்கெனவே படி போன கடுப்பு. கேட்டிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். கேட்டும் இருக்கலாம், லாரிச் சாவியைக் கேட்ட வார்த்தைக்குக் கொடுத்த மனுஷன்தானே.

இன்னொன்றும் இருக்கிறது. வருஷக் கடைசி என்றால் டைரி, காலண்டரோடு சில ஏஜென்ட்கள் பாட்டிலும் அனுப்புவார்கள். அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு டிரைவர்களுக்கு ஆளுக்கு ஒன்று என்று பங்கு வைத்துக் கொடுத்தது நான்தான். "வீட்டுக்குப் போய் வச்சுக்கோங்கண்ணே" என்று சொல்லித்தான் கொடுத்தேன். ராத்திரி டியூட்டி இருக்கிற ஆளுக்கும் சொல்லித்தான் கொடுத்தேன்.

பன்னிரண்டே காலுக்குப் போன் போட்டேன். அவர் மனைவி எடுத்தார். பின்னால் வெடிச் சத்தம், கோயில் மணி. "பூசை முடிஞ்சு இப்பதான் வெளிய வந்தோம் தம்பி. பசங்க ரொம்ப சந்தோசமா இருக்காங்க. நீங்க லீவு குடுத்தீங்களாமே, நல்லா இருப்பீங்க." ஹேப்பி நியூ இயர் அக்கா என்று சொல்லிவிட்டு வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால்தான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவும் முடியவில்லை, அவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஜனவரி 2ஆம் தேதி காலையில் வந்தார், நான் கேட்காமலேயே மெஷினை எடுத்து ஊதினார், பூஜ்யம் காட்டியதை என் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

இந்த வருஷம் பாட்டில் வேண்டாம், ஸ்வீட் பாக்ஸ் போதும் என்று ஏஜென்ட்களிடம் சொல்லிவிட்டேன். கஞ்சன் என்று டிரைவர்கள் பேசிக்கொள்கிறார்கள், பேசட்டும். 31ஆம் தேதி குடித்திருப்பவர்கள் பைக் சாவியையும் கேட்டில் கொடுத்துவிட்டு ஷேர் ஆட்டோவில் போக வேண்டும் என்று ஒரு நோட்டீஸும் எழுதி ஒட்டினேன். கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் தாத்தா அதை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"டிரைவருங்களுக்கு மட்டுமா சார், ஆபீசுக்கும் சேர்த்தா?"

ஆபீஸ் என்றால் நான் ஒருத்தன்தான். போன வருஷம் ஷிஃப்ட் முடிந்து ஒரு மணிக்கு, ஆபீஸ் ரூமில் ரெண்டு ரவுண்டு போட்டுவிட்டு நான் வண்டியை எடுத்தபோது கேட்டைத் திறந்துவிட்டவர் அவர்தான்.